தேடும் பெட்டியில் என்ன எழுதுவது?

உளுந்து இலை மஞ்சளித்தாலும், பட்டாவில் பெயர் மாற்ற வேண்டியிருந்தாலும், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்று தெரிய வேண்டியிருந்தாலும், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இன்று விரல் முதலில் போவது கூகுளின் தேடும் பெட்டிக்குத்தான். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் "நெட்ல ஒண்ணும் இல்ல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த முடிவோடுதான் வழக்காடுகிறது. நாம் கேட்டவுடன் விடையைத் தேடிக்கொண்டு தேடுபொறி உலகமெல்லாம் ஓடுவதில்லை. யாரோ எப்போதோ எழுதிவைத்த சொற்களை அது முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. நாம் தட்டிய சொல் அந்தப் பட்டியலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஆகவே, விஷயத்தை எழுதியவர் எந்தச் சொல்லில் எழுதியிருப்பார் என்று ஊகிக்கத் தெரிந்தவருக்கே தேடத் தெரியும். சென்னைக்காரருக்கு இந்த ஊகம் அவ்வளவாகத் தேவைப்படாது. அவருடைய ஊரைப் பற்றி எல்லாச் சொல்லிலும் யாராவது எழுதியிருப்பார்கள். குறைவாக எழுதப்பட்ட கரிசல் காட்டு ஊர்க்காரர் அது இல்லாமல் ஓரடி நகர முடியாது.

அந்தப் பட்டியல் உருவாகும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். கிராலர் எனப்படும் நிரல் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள சொற்களைப் படியெடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படிச் சேர்ந்த பக்கங்களிலிருந்து ஒரு சொல்லடைவு தயாராகிறது. ஆய்வு நூல்களின் கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பக்க எண்கள் வருமே, அதே வேலைதான். பக்க எண்ணுக்குப் பதில் இணைய முகவரி. நீங்கள் 'உளுந்து' என்று தட்டும்போது திறக்கப்படுவது இந்த அடைவு. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து நொடிக்குள் விடை வருவதன் ரகசியம் இவ்வளவுதான். 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியலிட்டது. 1994இல் வந்த வெப்கிராலர் பக்கத்தின் முழு வாசகத்தையும் அடைவில் ஏற்றியது. பின்னால் வந்தவை அளவிலும் வரிசைப்படுத்தும் சாமர்த்தியத்திலும் எங்கோ போய்விட்டன. அடைவு என்ற அடித்தளம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடைவில் ஏறாத பக்கம், அது எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், தேடுபவருக்கு இல்லாத பக்கமே.

சொல்லை ஊகிப்பது என்றால் என்ன என்பதற்கு ஓட்டப்பிடாரத்தின் முகவரியை விட நல்ல சான்று கிடைப்பது கடினம். ஊர் நகரவில்லை, அது இருக்கும் மாவட்டத்தின் பெயர் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 1986 அக்டோபர் 20 வரை இது திருநெல்வேலி மாவட்டம். வெள்ளைக்காரர் ஆவணங்களில் அதுவும் 'டின்னவெல்லி'. அன்று பிரிந்த புதிய மாவட்டத்துக்கு இவ்வூரில் 1872 செப்டம்பர் 5இல் பிறந்த வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டு, சிதம்பரனார் மாவட்டம் ஆனது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபோது தூத்துக்குடி மாவட்டம் என்றானது. ஆக, 1990ஆம் ஆண்டின் ஓர் அரசாணையையோ நிலத் தகராறுத் தீர்ப்பையோ 'தூத்துக்குடி மாவட்டம்' என்று போட்டுத் தேடுபவர், அந்தக் காகிதத்தில் இல்லாத சொல்லைத் தேடுகிறார். வ.உ.சி.க்கு 1908 ஜூலையில் தண்டனை விதித்த வழக்கைப் பற்றிய ஆங்கிலப் பதிவுகளைத் தேடுபவர் 'டின்னவெல்லி', 'டூட்டிகொரின்' என்று அக்கால எழுத்துக்கூட்டில் தேடினால்தான் பழைய தாள்கள் மேலே வரும். போதாதற்கு, 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வந்தது. சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. தூத்துக்குடிக்கு இன்னொரு எழுத்துக்கூட்டும் சேர்ந்தது மட்டுமே மிச்சம்.

பக்கத்திலிருக்கும் பாஞ்சாலங்குறிச்சியின் கதையும் இதேதான். 1801 போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் அந்தப் பெயரை 'பாஞ்சாலங்கூர்ச்சி' என்று ஒலிக்கும்படி எழுதினார். இன்றைய ஆங்கிலப் பக்கங்களில் சிலர் 'ஜே' போடுகிறார்கள், சிலர் 'சிஎச்' போடுகிறார்கள். ஓட்டப்பிடாரத்தையே ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறார்கள். தமிழிலும் 'ஒட்டப்பிடாரம்' என்று குறிலில் தொடங்குபவர்கள் உண்டு. பிரபலமான பெயர்களுக்குத் தேடுபொறி இந்த வேறுபாடுகளைத் தானே இணைத்துக்கொள்கிறது, ஏனென்றால் பல லட்சம் பேர் தேடித் தேடி அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எப்போதும்வென்றானையும் கவர்னகிரியையும் அத்தனை பேர் தேடுவதில்லை. எனவே சிறிய ஊர்ப் பெயரைத் தேடும்போது, தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது தேடுபவரின் பொறுப்பாகிறது. தமிழில் தட்டும்போது 'ஓட்டப்பிடாரத்திலிருந்து' போன்ற வேற்றுமை உருபேறிய வடிவத்தைத் தவிர்த்து, 'ஓட்டப்பிடாரம்' என்று வெறும் பெயராகவே கொடுங்கள். மகர ஈறு 'த்து' ஆகும் நம் இலக்கணம் எல்லா நேரமும் இயந்திரத்துக்குப் பிடிபடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பெயரை விடவும் சிக்கல் தருவது பயிர் விஷயம். உளுந்து மஞ்சளாகிறது என்பது காட்டில் நிற்பவரின் பேச்சு. அதை அப்படியே 'உளுந்து மஞ்சள்' என்று தட்டினால், தேடுபொறியைப் பொறுத்தவரை அது சமையலறைச் சாமான் இரண்டின் பெயர். பலகாரக் குறிப்புகள் வந்தால் அதன் மேல் குற்றமில்லை. வேளாண் துறையினர் எழுதும் சொல் 'மஞ்சள் தேமல் நோய்'. அந்தச் சொல்லைப் போட்டதும் விஷயம் தலைகீழாக மாறும்: இது வைரஸ் நோய் என்பதும், வெள்ளை ஈ பரப்புகிறது என்பதும், நோய் கண்ட செடியை எந்தத் தெளிப்பும் குணமாக்காது என்பதும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையம் 'வம்பன் 8' போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களைத் தந்திருக்கிறது என்பதும் வரிசையாக வரும். மக்காச்சோளத்திலும் அப்படியே. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து அடுத்தடுத்த பருவங்களில் குருத்தைத் தின்ற புழுவை 'மக்காச்சோளம் புழு மருந்து' என்று தேடுவதற்கும் 'படைப்புழு' என்று தேடுவதற்கும் உள்ள தூரம் மருந்துக் கடை விளம்பரத்துக்கும் பல்கலைக்கழகப் பரிந்துரைக்கும் உள்ள தூரம். அந்தத் துறைச் சொல் தெரிந்தால் ஏன் தேடப் போகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், தேடலை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. முதல் தேடலில் நம் சொல்லைப் போடுகிறோம். வரும் முடிவுகளில் விடையைத் தேடாமல், எழுதுபவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் எது என்று மட்டும் பார்க்கிறோம். இரண்டாவது தேடலில் அந்தச் சொல்லைப் போடுகிறோம். பெரும்பாலானவர்கள் முதல் தேடலோடு நின்றுவிடுவதுதான் வம்பு.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களைத் தேடுபவருக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. 1901இல் தொடங்கிய அந்த நிலையத்தின் ரகங்கள் ஊரின் முதலெழுத்தைச் சுமக்கின்றன. மானாவாரிச் சோளத்தில் 'கே 12' ஒரு ரகம். 'கே 12' என்று மட்டும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்: மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளிக் கல்வியை அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால், பள்ளிக்கூடங்கள் வரிசை கட்டும். உலகம் முழுக்க ஒலிக்கும் ஒரு சொல்லுக்கு முன் கரிசல் காட்டுச் சோளம் காதில் விழாது. 'சோளம்', 'கோவில்பட்டி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த கணமே நிலைமை மாறும். இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பல ஆவணங்களில் வரும் சொல்லுக்குக் குறைந்த எடையும் சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடையும் தர வேண்டும் என்று 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதினார். இன்றுவரை தேடுபொறிகளின் நரம்பில் ஓடும் யோசனை அது. 'நல்ல', 'சிறந்த', 'எப்படி', 'தகவல்' போன்றவை எங்கும் கிடப்பவை, எடையற்றவை. 'மணியாச்சி', 'தேமல்', 'அடங்கல்' போன்றவை அரிதானவை, எடையுள்ளவை. கேள்வியில் ஓர் அரிய சொல்லாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிறகு பொத்தானை அழுத்துங்கள். சிறிய ஊர்க்காரருக்குத் தேடலில் இருக்கும் ஒரே அனுகூலம் அவர் ஊர்ப் பெயர் அரிதாக இருப்பதுதான்.

சொல் சரியாக அமைந்து பக்கங்கள் வந்துவிட்டால், முதலில் நிற்பது சரியானது என்று நம்பலாமா? ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், சுமார் 2.4 கோடி பக்கங்களைக் கொண்ட தங்கள் முன்மாதிரியை விவரித்தார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்பதைக் கொண்டு வரிசை அமைக்கலாம் என்பதே அதன் மையம். ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடும் வழக்கத்திலிருந்து வந்த யோசனை. அதுவரை இருந்ததை விட வெகு சிறப்பாக வேலை செய்தது. இப்போது அதோடு வேறு நூற்றுக்கணக்கான அளவுகோல்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் பக்கத்தில் சொன்னது மெய்யா என்று காட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. பலர் சுட்டினார்கள், பலர் அழுத்தினார்கள், பலர் நின்று படித்தார்கள் என்பதெல்லாம் ஊர் மெச்சியதற்குச் சாட்சி, உண்மைக்கு அல்ல. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தேடினால், பாகு காய்ச்சும் சிறு பட்டறைக்காரருக்கு மேலே எங்கோ இருக்கும் பெரிய விற்பனைத் தளம் நிற்பதில் ஆச்சரியமில்லை. பட்டறைக்காரருக்கு இணையப் பக்கமே இல்லாமலிருக்கலாம். இருந்தாலும் அதைச் சுட்டுபவர்கள் சிலரே. எனவே முடிவுகளைப் படிக்கும்போது தலைப்பை விட்டுவிட்டு முகவரியைப் படியுங்கள். 'கவ் டாட் இன்' என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. வேளாண் பல்கலைக்கழகத்தின் முகவரி 'டிஎன்ஏயு டாட் ஏசி டாட் இன்' என்று முடியும். ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் எஸ்-ஐ-டி-இ என்று தட்டி, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை எழுதி, பிறகு உங்கள் சொல்லைப் போடுங்கள். கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நொடியில் வரிசையிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

வரிசையின் உச்சியில் காசு கொடுத்து நிற்பவர்கள் தனி. 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வங்கியின் உதவி எண்ணைத் தேடி, மோசடிக்காரர் போட்டுவைத்த எண்ணுக்குப் பேசிப் பணம் இழப்பது நாடெங்கும் நடக்கிறது. வங்கி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ அது அச்சிடப்பட்டிருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். காலாவதியும் ஒரு விளம்பரத்துக்குச் சமமான ஆபத்துதான். பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் பயிருக்குப் பயிர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் நீட்டிக்கவும் படும். மூன்று ஆண்டுக்கு முந்தைய செய்தி அடைவிலிருந்து தானாக உதிர்ந்துவிடாது; பலர் படித்ததாலேயே மேலே நிற்கவும் கூடும். 'கருவிகள்' என்ற இடத்தில் கடந்த மாதம், கடந்த வாரம் என்று காலத்தைக் குறுக்கிக்கொள்ளாமல் எந்தத் தேதியையும் நம்ப வேண்டாம்.

இத்தனையும் செய்தும் ஒன்றும் வராத தேடல்கள் உண்டு. 'இல்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன் அடைவில் ஏற முடியாதவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நிலத்தின் பட்டா எண்ணைத் தேடும் பெட்டியில் போட்டால் பட்டா வராது. அது வருவாய்த் துறையின் தரவுத்தளத்தில் இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று ஒருவர் படிவத்தை நிரப்பினால்தான் அந்தப் பக்கம் பிறக்கிறது. கிராலர் இணைப்பைப் பிடித்துப் போகுமே ஒழிய, கிராமத்தைத் தேர்ந்தெடுத்துப் படிவம் நிரப்பாது. வில்லங்கச் சான்றும் இப்படித்தான். இங்கே தேடுபொறியின் வேலை அந்தப் படிவம் இருக்கும் தளத்தின் வாசல் வரை கொண்டுவிடுவது மட்டும். அடுத்தது, எழுத்தாக இல்லாத எழுத்து. ஸ்கேன் செய்த அரசாணை இயந்திரத்துக்கு ஒரு படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நுட்பம் வளர்ந்திருக்கிறது என்றாலும், மங்கிய முத்திரைக்கடியில் சாய்ந்து கிடக்கும் தமிழில் அது இன்னும் தடுமாறுகிறது. இதை விட விசித்திரம் பழைய எழுத்துருக்கள். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் வழக்கம் வெகுகாலம் நீடித்தது. யூனிகோடை ஏற்கும் தமிழக அரசின் ஆணை 2010இல்தான் வந்தது. அந்தப் பழைய கோப்புகளில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. 'ஓட்டப்பிடாரம்' என்று பத்து இடத்தில் அச்சாகும் கோப்பில் தேடுபொறிக்கு ஓரிடத்திலும் ஓட்டப்பிடாரம் தென்படாது. கடைசியாக வாட்ஸ்அப். சந்தை விலை, அறுவடை இயந்திர வாடகை, மின்தடை அறிவிப்பு என்று ஊர் உலகம் பேசுவதெல்லாம் அங்கேதான் ஓடுகிறது. அவை மூடிய அறைகள். அங்கே கிராலருக்கு அனுமதி இல்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது தேடுபொறிக்குச் சொல்லின் பொருளே புரிகிறதே என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை உண்டு. 2019இல் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் புகுத்தியபோது, சொல்லை அதன் சுற்றுச் சொற்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. 2024 ஆகஸ்டில் செயற்கை அறிவு தொகுத்துத் தரும் பதில் இந்தியத் தேடல்களின் தலைமாட்டிலும் வந்து உட்கார்ந்தது. வாயால் கேட்டாலும் பதில் வருகிறது. ஆனால் புரிந்துகொள்வது கேள்வியைத்தான். பதிலுக்கு அது கை வைப்பது மனிதர்கள் எழுதிய அதே பக்கங்களில். பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசையைச் சேர்க்கலாம் என்று அந்தத் தொகுப்பு 2024 மே மாதம் அமெரிக்காவில் ஆலோசனை சொன்னது. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக எழுதிவைத்த வரியிலிருந்து வந்தது அது என்று கண்டுபிடித்தார்கள். பீட்சா விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு மருந்து என்பதில் அப்படிப் போக முடியாது. எழுதப்பட்டவை ஏராளமாக இருக்கும் விஷயங்களில் தொகுப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். நம் வட்டாரம் போல எழுதப்பட்டது கொஞ்சமாக இருக்கும் இடத்தில், வேறு மண்ணுக்கும் வேறு மழைக்கும் எழுதியதை நமக்கும் சேர்த்துச் சொல்லிவிடும் அபாயம் அதிகம். அதனால் தொகுப்பைத் துறைச் சொல்லைக் கண்டுபிடிக்கும் முதல் தேடலாகப் பயன்படுத்துங்கள். அதன் கீழே தரும் இணைப்பைத் திறந்து, யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தப் பகுதிக்கு என்ற மூன்றையும் பார்த்த பிறகே காட்டில் இறங்குங்கள். அளவில் சந்தேகம் வந்தால் வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போவதே மலிவு.

எழுதியவரின் சொல்லைத் தேடுபவர் ஏன் ஊகிக்க வேண்டும், தேடுபவரின் சொல்லில் எழுதுவதுதானே எழுதுபவரின் கடமை என்று ஒருவர் கேட்டால், அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. 'மஞ்சள் தேமல் நோய்' என்று எழுதும் கை, பக்கத்திலேயே 'உளுந்து இலை மஞ்சளாகுதல்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த அத்தியாயத்தின் பாதி தேவைப்பட்டிருக்காது. அந்த நாள் வரும்வரை ஊகம் தேடுபவரின் தலையில்தான். ஆனால் இன்று தேடுபவர்களில் பலர் எழுதும் இடத்திலும் இருக்கிறார்கள்: ஊராட்சி அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், புதியம்புத்தூர்த் தையல் கூடத்தில். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அமைப்புக்கு இணையப் பக்கம் போட்டால், ஊர்ப் பெயரைத் தமிழிலும் புழக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டுகளிலும் எழுதுங்கள். வட்டம், மாவட்டம், தேதி மூன்றையும் விடாதீர்கள். அறிவிப்பை யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். நோட்டீஸைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள்.